புளித்த மோர் வழக்கு

அமெரிக்காவில் வில்லோஃபீல்ட் டவுன்ஷிப்பில் மக்கிப்போகும் பொருள்களுக்கென்று ஓர் ஆணையம் இருந்தது. அதன் முழுப் பெயர் மக்குபொருள் தொழில்நுட்ப வளர்ச்சி மற்றும் எதிர்கால ஆணையம். நகராட்சிக் கட்டடத்தில் தரைக்குக் கீழே, பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு மூட்டைகளை அடுக்கியிருந்த அறைக்குப் பக்கத்து அறையில், செவ்வாய்க்கிழமை பிற்பகல்களில் அது கூடியது. உறுப்பினர்கள் கொடிக்கு வணக்கம் சொன்னார்கள். போன கூட்டத்தில் என்ன நடந்தது என்று படித்து, ஒன்றும் நடக்கவில்லை என்பதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். தெர்மோகோல் கோப்பையில் காப்பி குடித்து, கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தொடங்கி எட்டு வருடமாகியும் ஆணையத்தின் முன் ஒரு வழக்குகூட வந்ததில்லை.

இப்படி ஓர் ஆணையம் இருப்பது வசந்தாமணிக்குத் தெரியாது. அவள் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளுடைய விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. கார் ஓட்டத் தெரியாது. கணவன் முகிலன் பார்சிப்பனியில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை இரண்டாயிரமாவது ஆண்டுக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். அந்த ஆண்டு பிறக்கும்போது அவை நூறு வருடம் பின்னால் போய்விட்டதாக நினைத்துக் குழம்பிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். அதனால் அவன் விடியும் முன் கிளம்பி இருட்டிய பிறகு வந்தான். வந்ததும், "என்ன மணி, சாப்பிட்டயா?" என்று கேட்பான். பதில் சொல்லும் முன் அவள் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும். காலையிலிருந்து அந்தக் குரலுக்கு வேலை இருந்திருக்காது.

வாரக் கடைசியில் முகிலன் ஒரு கேலன் பால் வாங்கிவருவான். அதைவிடச் சின்ன டப்பா கட்டுப்படியாகாது என்பது அவன் கட்சி. அவள் உறை ஊற்றித் தயிராக்குவாள். ஓவர்டைம் பார்க்கிறவர்களுக்கு ஆபீஸில் இலவசமாகக் கொடுக்கும் பீட்ஸாவைத் தின்றுவிட்டு அவன் வருவான். தயிர் மிஞ்சி மோராகும். மோர் புளிக்கும். ஒருத்திக்கு எவ்வளவு பால் உறை ஊற்ற வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஊரில் அப்படி ஓர் அளவே கிடையாது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கழிவை அரைத்துத் தள்ளும் மோட்டார் ஒன்று இருந்தது. அதில் ஒரு நாள் முருங்கைக்காய்ச் சக்கையைப் போட்டாள். மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டு நின்றுபோனது.

"பிளம்பர் அத வெளிய எடுத்துப் பாத்துட்டு, இது என்ன கயிறான்னு கேக்கறான்," என்றான் முகிலன்.

"அரைக்கிற மிசினுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"அரைக்கும்னுதான் சொன்னேன். முருங்கைக்காய அரைக்கும்னு சொன்னனா? இனி அதுல கைய வெக்காத புள்ள."

அதற்குப் பிறகு அவள் காய்த் தோலையும் டீத்தூளையும் புளிச்சக்கையையும் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனாள். முன்பு குடியிருந்தவர்கள் கூட்டித் தள்ளிய மேப்பிள் இலைகள் வேலியோரம் ஆள் உயரத்துக்குக் குமிந்து கிடந்தன. அதில் குழி பறித்துப் போட்டு மூடினாள். புளித்த மோரையும் அங்கேயே ஊற்றினாள். அதில் சூட்சுமம் எதுவும் இல்லை. மோரைத் தொட்டியில் ஊற்றினால் அந்த மோட்டாரின் வாயைப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் மாதம் ஒரு காலையில், பனி முழுக்க உருகியிராத நேரத்தில், குவியலிலிருந்து ஆவி வந்தது. வசந்தாமணி பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள். சுட்டது. அந்த ஊருக்கு வந்தபிறகு அடுப்பு, ஹீட்டர் தவிர்த்து அவள் தொட்ட சூடான பொருள் அது ஒன்றுதான். மறுநாளும் போய்க் கை காட்டிக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் கதவில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. மிஸஸ் மணி என்பவர் ஆணையத்தின் முன் செவ்வாய்க்கிழமை ஆஜராக வேண்டும்.

முகிலன் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "கிரீன் கார்டு ஃபைல் பண்ணியிருக்கற நேரத்துல உனக்கு ஒரு கேஸு. எனக்கு லீவு கெடைக்காது. போனதும் ஐ ஆம் சாரின்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. அதோட முடிஞ்சிரும்."

"சரிங்க," என்றாள்.

நடைபாதை இல்லாத சாலையின் ஓரமாக, புடவைக்கு மேல் அவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, ஐ ஆம் சாரி என்று மனதுக்குள் சொல்லியபடியே நடந்து போனாள்.

அவள் அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எட்டு வருடம் காத்திருந்தவர்கள். வயதான உறுப்பினர் ஒருவர் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். மேசையில் அவளுக்கென்று பெயர் அட்டை இருந்தது. தலைவி திருமதி ஹான்ரஹன், காதில் பச்சை இலை வடிவத் தோடு போட்டிருந்தவர், "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டார். கடையில்கூட அப்படிக் கேட்பார்கள், ஆனால் பதில் வரும் முன் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். இந்த அம்மாள் கேட்டுவிட்டு, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். வசந்தாமணிக்கு ஐ ஆம் சாரி மறந்துபோயிற்று.

"ஃபைன்," என்றாள். அதைத் திருமதி ஹான்ரஹன் எழுதிக்கொண்டார்.

குப்பை புதைக்கும் குழிகளில் வீணாகிப்போன தோல்களுக்காகவும் கொட்டைகளுக்காகவும் முதலில் மௌன அஞ்சலி நடந்தது. பிறகு தலைவி பேசினார். "இந்த ஆணையத்தில் உள்ள எவரும் இதுநாள்வரை ஓர் உரக்குவியலைத் தொட்டதில்லை. பார்த்ததுகூட இல்லை. ஆகவே எங்கள் நடுநிலைமையை ஒருவரும் சந்தேகிக்க முடியாது."

மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்த தமிழர் குனிந்து, "நான் சந்தானம். உனக்கு இன்டர்பிரிட்டர்," என்றார். "பாரும்மா, மேடம் சொல்றது என்னன்னா, அவங்க ரொம்ப ஃபேர்."

"புரிஞ்சுதுங்க அங்கிள்."

"புரிஞ்சாலும் நான் சொல்லியாகணும். ரூல் அது."

சந்தானம் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகள் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று பார்த்துச் சொல்லும் விஞ்ஞானி. "கெடாம வெக்கறதுதான் நான் இருபது வருஷமா பண்ற வேலை. கெடறதுக்குன்னு ஒரு கமிட்டி போட்டு அதுல என்னை மெம்பராக்கிட்டாங்க. ஒரு இந்தியன் வேணுமாம்," என்று பிற்பாடு அவரே சொன்னார். அதில் அவருக்குப் பெருமைதான்.

புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், திரு. வோய்சிக். மனைவி இறந்துபோய்த் தனியாக இருக்கும் கிழவர். வசந்தாமணி அவரை ஜன்னல் வழியே தலையாக மட்டும் பார்த்திருக்கிறாள். இப்போது கால் கைகளோடு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

"நாற்றத்தை விவரியுங்கள்," என்றார் தலைவி.

"நாற்றம் இல்லை. ஆவி வந்தது. தீ என்று நினைத்துத் தீயணைப்புக்குப் போன் செய்தேன். தீ பிடித்த பிறகு கூப்பிடச் சொன்னார்கள். போலீஸுக்குச் செய்தேன். ஆவி அவர்கள் துறையில் வராதாம். பிறகு போன் புத்தகத்தில் உங்கள் எண்ணைப் பார்த்தேன். நீங்கள்தான், மேலே சொல்லுங்கள் என்றீர்கள்."

"புகாரைத் திரும்பப் பெற விரும்புகிறீர்களா?"

திரு. வோய்சிக் காப்பிப் பாத்திரத்தைப் பார்த்தார். சுற்றிப் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்தார். "அடுத்த செவ்வாய் வரைக்கும் யோசிக்கிறேன்," என்றார்.

அதற்குள் வேறொரு விபரீதம் நடந்துவிட்டது. குவியலில் என்னென்ன போட்டீர்கள் என்று கேட்டபோது வசந்தாமணி ஒன்றுவிடாமல் சொன்னாள். சந்தானமும் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் நிறுத்தினார்.

"மோரா? அதை ஏம்மா சொன்ன?"

"கேட்டாங்களேங்க."

"கேட்டா சொல்லிடறதா? பாலும் மாமிசமும் போடக்கூடாதுன்னு பெரிய எழுத்துல ரூல் இருக்கு. எலி வரும், கரடி வரும்னு ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்காங்க."

"கரடியே வரலீங்களே."

"வரலைங்கறது டிஃபென்ஸ் கிடையாதும்மா."

அவர் மொழிபெயர்த்ததும் அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. வெறும் ஆவியாக வந்த வழக்கு பால்பொருள் வழக்காக மாறியது. ஒரு வாரம் ஒத்திவைத்தார்கள்.

"சாரி சொன்னயா?" என்று அன்று முகிலன் கேட்டான்.

"அடுத்த வாரம் சொல்லச் சொன்னாங்க," என்றாள். அமெரிக்கா வந்து அவள் சொன்ன முதல் பொய் அது.

அடுத்த செவ்வாய் மழை. சாலையோரம் நனைந்துகொண்டு நடந்தவளின் பக்கத்தில் நீளமான பழைய கார் ஒன்று வந்து நின்றது. திரு. வோய்சிக் கதவைத் திறந்துவிட்டு, "ரெயின்," என்றார். "எஸ்," என்றாள். வேறு பேச்சில்லை. ரேடியோவில் அக்கார்டியன் வாசித்தார்கள். அவர் புதினா மிட்டாய் ஒன்று கொடுத்தார். அதிலிருந்து புகார் கொடுத்தவரும் குற்றவாளியும் ஒரே காரில் விசாரணைக்கு வந்து ஒரே காரில் திரும்பினார்கள். ஆணையம் இதைப் பற்றி விவாதித்தது. அறைக்குள் இருவருக்கும் நடுவே இரண்டு நாற்காலி இடைவெளி வேண்டும் என்றும், கார் ஆணையத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதால் அதுபற்றிக் கருத்தில்லை என்றும் முடிவானது.

மோர் என்பது பாலா என்ற கேள்வி வசந்த காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதற்கென்று ஓர் உபகுழு அமைத்தார்கள். திருமதி ஹான்ரஹன் வாதத்தை இப்படி வைத்தார்: "தயிர் என்பது கெட்டுப்போன பால். மோர் என்பது நீர் கலந்த கெட்டுப்போன பால். புளித்த மோர், கெட்டுப்போனதற்கு அப்புறமும் கெட்டுப்போனது. ஒரு பொருள் எத்தனை முறை கெடலாம் என்பதற்கு நம் விதிகளில் உச்சவரம்பு இல்லை. இதை நாம் ஒரு நாளில் தீர்த்துவிட்டால் அடுத்த வாரம் எதற்காகக் கூடுவோம்?"

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். வசந்தாமணியும் ஆட்டினாள்.

சந்தானத்தை நிபுணராகப் பேசச் சொன்னார்கள். எழுந்து கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார். "மோர் பாலிலிருந்து வருவது. ஆனால் பாலாகத் திரும்ப முடியாது. பால் அதைத் தன்னைச் சேர்ந்தது என்று ஒத்துக்கொள்ளவும் செய்யாது. நான் இந்த நாட்டில் இருபது வருடமாக இருக்கிறேன். இந்த விஷயம் எனக்கு நன்றாகப் புரியும்." சொல்லிவிட்டு உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, தீர்மானத்துக்குப் பொருத்தமில்லாதது என்று அந்தப் பேச்சைக் குறிப்பிலிருந்து நீக்கினார்கள்.

சான்றுப் பொருளைக் கொண்டுவரச் சொன்னார்கள். வசந்தாமணி தூக்குப்போசி நிறைய மோர் கொண்டுபோனாள். நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் புளித்ததை எடுத்துப்போக மனம் வரவில்லை. புதுத் தயிரைக் கடைந்து, பச்சைமிளகாயும் இஞ்சியும் தட்டிப் போட்டு, பெருங்காயம் கரைத்து, கொத்தமல்லி கிள்ளிப் போட்டிருந்தாள். தெர்மோகோல் கோப்பைகளில் ஊற்றினார்கள். திரு. வோய்சிக் குடித்துவிட்டுக் கண்ணை மூடித் திறந்து, கோப்பையை மறுபடி நீட்டினார். வயதான உறுப்பினருக்கு மிளகாய் மாட்டி இருமல் வந்தது. இருமி முடித்து அவரும் நீட்டினார்.

"நல்லா கரைச்சிருக்கேம்மா," என்றார் சந்தானம், இரண்டாவது கோப்பையோடு. "என் மிஸஸ் இதெல்லாம் விட்டு ரொம்ப வருஷமாச்சு. வீட்ல எல்லாம் ஆரஞ்சு ஜூஸ்தான்."

பாத்திரம் காலியானபிறகு, இது குவியலில் ஊற்றிய மோர்தானா என்று தலைவி கேட்டார். இல்லை என்று வசந்தாமணி சொன்னாள். ஆகவே சான்று செல்லாது. 'சான்றுப் பொருள் கடைசிச் சொட்டுவரை ஆராயப்பட்டது, முடிவு எட்டப்படவில்லை' என்று குறிப்பில் எழுதி, அடுத்த வாரமும் கொண்டுவரும்படி உத்தரவிட்டார்கள்.

இப்போது வசந்தாமணிக்கு வாரத்தில் ஒரு கிழமை இருந்தது. திங்களன்று புடவைக்கு இஸ்திரி போட்டாள். புதனன்று, அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். வியாழனுக்கு மிச்சம் வைத்துக்கொள்ளவும் ஏதாவது இருந்தது. மற்ற நாள்களைக் கடக்க அது போதும்.

"சாரி சொல்லச் சொன்னேனே, சொன்னயா இல்லயா?" என்றான் முகிலன். "நாலு மாசமா அப்படி என்னதான் விசாரிக்கறாங்க?"

"மோர விசாரிக்கறாங்க."

"மணி, வெளையாடாத. இமிக்ரேஷன்காரன் கேட்டா நான் என்ன சொல்றது? மோருன்னா? இந்தச் செவ்வாக்கெழம முடிச்சுட்டு வர்ற, அவ்வளவுதான்."

அந்தச் செவ்வாய் ஐ ஆம் சாரி அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் முடிந்துவிடும் என்று சந்தானமும் சொல்லியிருந்தார். தலைவி வழக்கம்போல, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டார். வசந்தாமணி ஃபைன் என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள். இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த திரு. வோய்சிக்கிடம் புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று கேட்டார்கள். இன்னும் யோசிப்பதாகச் சொன்னார். காரில் இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

இலையுதிர் காலத்தில் மெஷின் வந்தது. மக்குதலின் எதிர்காலத்துக்காக மாநிலத்திலிருந்து ஆணையத்துக்கு மானியம் ஒதுக்கியிருந்தார்கள். அதை வழக்கு இருக்கும் வீட்டில்தான் செலவிட முடியும். டவுன்ஷிப்பில் வழக்கு இருந்த ஒரே வீடு அவளுடையது. ஃபிரிட்ஜ் உயரத்துக்குப் பச்சை நிறப் பெட்டி ஒன்றைக் கொல்லையில் இறக்கினார்கள். அதன் நெற்றியில் சிவப்பு எழுத்துகள் ஓடின. உள்ளே எதைப் போட்டாலும் ஒரு பெண்குரல் நன்றி சொல்லியது. வீட்டுப் போன் லைனோடு இணைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று மணிக்கொருதரம் அது நகராட்சிக்குத் தானே கூப்பிட்டுச் சொல்லும்படி வைத்தார்கள். அந்த வீட்டிலிருந்து யாரும் பகலில் யாருக்கும் போன் செய்ததில்லை. இப்போது உரப்பெட்டி செய்தது. கோபியிலிருந்து அவள் அம்மா கூப்பிட்டால், லைன் பிஸி என்று வந்தது. மகளுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

முருங்கைக்காய்ச் சக்கையைப் போட்டபோது பெண்குரல் நன்றி சொல்லவில்லை. தெரியாத பொருள், வெளியே எடுங்கள் என்றது. புளிச்சக்கையையும் தெரியாது என்றது. கறிவேப்பிலையையும் தெரியாது என்றது. வசந்தாமணி எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பழையபடி இலைக் குவியலில் போட்டாள். பெட்டி காலியாக நின்று, காலியாக இருப்பதை மணிக்கொருதரம் நகராட்சிக்குச் சொன்னது.

ஆணையத்தின் முன் கம்பெனிக்காரர் விளக்கம் கொடுத்தார். கழுத்துப் பட்டையில் சூரியகாந்திப் பூ போட்டிருந்த இளைஞர். "மக்குவதில் உள்ள எல்லாப் பிரச்சினைகளும் மக்குவதால்தான் வருகின்றன. நாற்றம், சூடு, ஆவி, புழு. எங்கள் மெஷினில் இதுவரை எதுவும் மக்கியதில்லை. வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரு புகாரும் இல்லை."

கைதட்டினார்கள். ஒருவர் மட்டும், இரண்டாயிரம் பிறக்கும்போது மெஷின் குழம்பிவிடாதா என்று கேட்டார். முன்னெச்சரிக்கையாக அதுவரை உள்ளே எதையும் போடாமல் இருப்பது நல்லது என்றார் இளைஞர்.

புத்தாண்டு அன்று காலை முகிலன் ஆபீஸிலிருந்து களைத்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தான். "ஒண்ணும் ஆகல மணி," என்றான். "எல்லாம் ஒழுங்கா ஓடுது." சொன்ன விதத்தில், ஏதாவது ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அவளுக்குப் பாவமாக இருந்தது. கொல்லையில் மெஷினும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, காலியாக. அந்த மாதமே அவனை வேறு புராஜெக்டில் போட்டார்கள். அதுவும் பார்சிப்பனிதான், அதுவும் ஓவர்டைம்தான்.

மார்ச் மாதம் மானியம் முடியும் தேதி வந்தது. வழக்கு நடந்தால்தான் மானியம் கிடைக்கும் என்று இருந்தது போய், வழக்கு வெற்றியாக முடிந்தால்தான் அடுத்த மானியம் என்று ஆகிவிட்டது. அதனால் ஒரு செவ்வாயன்று நகராட்சியின் பெரிய கூடத்தில், மாடியில், 'மக்குதலின் எதிர்காலம்' என்று பேனர் கட்டினார்கள். பலூன் கட்டினார்கள். மேயர் வருவதாக இருந்து வரவில்லை.

திருமதி ஹான்ரஹன் ஒலிபெருக்கி முன் நின்றார். காதில் புது இலைகள் ஆடின. "ஓராண்டு உழைத்து ஆணையம் கண்டறிந்தது என்னவென்றால், மோர் பால்பொருளே. அதைக் குவியலில் ஊற்றியது விதிமீறலே. முதல் தடவை என்பதால் மன்னிக்கிறோம். ஓராண்டு பழையதான எந்தப் புகாரும் விதிப்படி முழுவதும் மக்கிவிட்டதாகக் கருதப்படும். எனவே புகாரும் இல்லை. நம் மெஷினைப் பாருங்கள். வந்த நாளிலிருந்து ஒரு சொட்டு அழுக்குப் படவில்லை. எதிர்காலத்தில் மக்குதல் என்பது மக்காமலே நடக்கும். அந்த எதிர்காலம் வில்லோஃபீல்டில் தொடங்கிவிட்டது."

திரு. வோய்சிக் எழுந்து நின்றார். "நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லையே," என்றார்.

"உங்கள் புகார் மக்கிவிட்டது. இனி உங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை," என்றார் தலைவி, அன்போடு.

வசந்தாமணியை மேடைக்கு அழைத்து, மரப்பலகையில் பித்தளைத் தகடு பதித்த விருது ஒன்றைக் கொடுத்தார்கள். 'விதிகளுக்கு உட்பட்டவர், மிஸஸ் மணி' என்று அதில் இருந்தது. ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். சந்தானம் மொழிபெயர்க்கத் தயாராகப் பக்கத்தில் வந்து நின்றார். அவள் அவரைப் பார்க்காமல் தானே நேராகக் கேட்டாள்.

"நெக்ஸ்ட் டியூஸ்டே?"

திருமதி ஹான்ரஹன் அவள் தோளைத் தொட்டார். "இல்லை கண்ணே. பயப்படாதீர்கள். இனி நீங்கள் என்றைக்குமே வர வேண்டியதில்லை."

கூடம் முழுவதும் கைதட்டியது. சந்தானம் விதிப்படி காதருகே குனிந்தார். "பாரும்மா, மேடம் சொல்றது என்னன்னா," என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே சொல்லவில்லை.

காரில் அக்கார்டியன் இல்லை. திரு. வோய்சிக் ரேடியோவைப் போட மறந்திருந்தார். அவள் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து மிட்டாய்ப் பொட்டலத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். இனி ஒவ்வொன்றாகக் கொடுக்கச் சந்தர்ப்பம் இல்லை என்பது போல.

முகிலன் விருதை டிவி மேல் வைத்தான். இரண்டு தடவை படித்தான். "பாத்தயா, இதத்தான் மொதல்லயே சொன்னேன். இமிக்ரேஷனுக்கே இத ஒரு காப்பி அனுப்பலாம். இப்ப நிம்மதியா?"

"ம்," என்றாள்.

மறுநாள் வந்து மெஷினை எடுத்துப்போனார்கள். போன் லைன் விடுதலையானது. ஒன்றும் ஒலிக்கவில்லை.

அடுத்த செவ்வாய் மதியம் அவள் இஸ்திரி போட்ட புடவையில் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். போக இடமில்லை என்று தெரிந்தும் உடுத்திவிட்டாள். வழக்கமாகக் கிளம்பும் நேரத்துக்கு வேலிக்கு அந்தப் பக்கம் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே உறுமிக்கொண்டிருந்தது. எங்கும் போகவில்லை. பிறகு அணைந்தது.

வசந்தாமணி எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தாள். கேலன் பால் அப்படியே இருந்தது. பெரிய பாத்திரத்தை எடுத்து, மொத்தத்தையும் ஊற்றிக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றினாள். பால் தயிராகி, தயிர் மோராகி, மோர் நன்றாகப் புளிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் அவசரப்பட முடியாது. ஆனால் காத்திருப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

புளித்த வாசனை சமையலறை தாண்டி வந்த அன்று, வெளிச்சம் நன்றாக இருக்கும் பகல் நேரமாகப் பார்த்துப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ஒரு வருடத்துக்கு முந்தைய தோலும் சக்கையும் அடியில் கருப்பு மண்ணாகியிருந்தன. அதை யாரும் வந்து பார்க்கவில்லை. மேலே புதிய இலைகளிலிருந்து லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

வேலிக்கு அப்பால் ஜன்னலில் திரு. வோய்சிக்கின் தலை தெரிந்தது.

அவள் பாத்திரத்தை மார்புக்கு மேலே, வேலி மறைக்காத உயரத்துக்குத் தூக்கினாள். வெள்ளையாக, அகலமாக, மெதுவாக ஊற்றினாள். பாதியில் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தாள்.

தலை அசையாமல் இருந்தது. பிறகு அது உள்ளே திரும்பியது. சுவரிலிருந்து எதையோ எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, சுருள் கம்பி நீண்டு ஆட, மறுபடி ஜன்னலுக்கு வந்தது. யாரோ அந்தப் பக்கம், மேலே சொல்லுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே, சொல்வதற்கு விவரம் இன்னும் வேண்டும் என்பதுபோல அவளைப் பார்த்தார்.

வசந்தாமணி மீதியையும் ஊற்றினாள். பாத்திரத்தைக் கவிழ்த்து, பிறகு யாரும் சந்தேகப்பட முடியாதபடி, அடியில் இரண்டு தட்டும் தட்டினாள்.